டூசன்பெர்க் ஜே, காடிலாக் வி-16: ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

டூசன்பெர்க் ஜே, காடிலாக் வி-16 ஆகியவை இரண்டாம் உலகப் போருக்கு முன் அமெரிக்காவில் செய்யப்பட்ட சொகுசுக் கார்கள். டூசன்பெர்க் 1928 டிசம்பரிலும் காடிலாக் 1930 சனவரியிலும் நியூயார்க்கில் மக்கள் பார்வைக்கு வந்தன. முன்னது 1937 வரை ஏறத்தாழ 480 வண்டிகளும், பின்னது 1940 வரை 4,076 வண்டிகளும் செய்யப்பட்டன. இந்திய அரசர்களும் இவற்றை வாங்கினார்கள். இந்தூர் மன்னருக்காக ஒரு டூசன்பெர்க்கும், ஓர்ச்சா மன்னருக்காக ஒரு காடிலாக்கும் தனியே உடல் அமைத்துக் கட்டப்பட்டன. அவ்விரண்டும் இன்று உலகக் கார் வரலாற்றில் பெயர் பெற்ற வண்டிகள்.

பழங்கார் சேகரிப்போர் இவ்விரு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். இரண்டும் பெரியவை, இரண்டும் விலை மிகுந்தவை, இரண்டும் அரியவை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பொறியியல் நோக்கில் பார்த்தால் இரண்டுக்கும் பொதுவானது மிகக் குறைவு. டூசன்பெர்க் சிறந்த இயந்திரம். காடிலாக் அதைவிடச் சிறந்த கார். ‘அரிது’ என்று சொல்லி இன்று கோடிகளைக் கொட்டுகிறார்களே, அந்த அரிய தன்மை இரண்டுக்கும் வந்தது ஒரே வழியில்தான்: அன்றைக்கு அவை விற்கவில்லை. இதுவே இக்கட்டுரையின் நிலைப்பாடு. காரணங்களைக் கீழே பார்க்கலாம்.

சேசிஸ் வேறு, உடல் வேறு

இக்காலத்து மாணவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இன்று நாம் கடையில் வாங்கும் கார், தொழிற்சாலையிலிருந்து முழுமையாக வெளிவருவது. அன்றைய உயர்விலைக் கார்கள் அப்படி வரவில்லை. தொழிற்சாலை சேசிஸையும் என்ஜினையும் மட்டும் விற்கும். வாங்குபவர் அதைத் தமக்குப் பிடித்த உடல்கட்டும் நிறுவனத்துக்கு அனுப்பி, கதவு, கூரை, இருக்கை எல்லாவற்றையும் விருப்பப்படி அமைத்துக்கொள்வார்.

இதை நாமக்கல் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பேருந்துக்கும் பாடி கட்டும் தொழில் அதேதான். கண்ணாடி இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை; வெறும் சேசிஸ்மேல் ஒரு பலகை போட்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டிவரும் ஓட்டுநரை நம் ஊர்க்காரர்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அந்தச் சேசிஸ் பட்டறைக்குள் போய், தச்சரும் வெல்டரும் பெயிண்டரும் கைவைத்த பிறகு லாரியாக வெளியே வரும். ஒரே நிறுவனத்துச் சேசிஸ் என்றாலும், எந்தப் பட்டறையில் கட்டியது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் ஓட்டுநர்கள் இங்கே உண்டு. அமெரிக்காவில் மர்ஃபி, லெபாரன், ரோல்ஸ்டன், டெர்ஹாம் என்ற பெயர்களைச் சேகரிப்போர் சொல்லும்போது அவர்கள் சொல்வதும் இத்தகைய பட்டறைகளையே.

டூசன்பெர்க் ஜே முழுக்க முழுக்க இந்த முறையில் விற்கப்பட்டது. தொடக்கத்தில் சேசிஸ் விலை மட்டும் 8,500 டாலர்; பின்னர் 9,500. உடலுக்கு வேறாகப் பணம் தர வேண்டும். அதே காலத்தில் ஒரு ஃபோர்டு மாடல் ஏ கார் சுமார் 500 டாலருக்குக் கிடைத்தது. காடிலாக்கின் வழி வேறு. அது ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்து வண்டி. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபிளீட்வுட் நிறுவனம் பெரும்பாலான வி-16 கார்களுக்கு உடல் கட்டியது. வாங்குபவர் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். ஐயாயிரத்துச் சொச்சம் டாலரிலிருந்து முழு வண்டியே கிடைக்கும். வெளியாரிடம் உடல் கட்டிய வி-16 மிகச் சிலவே.

டூசன்பெர்க்: பந்தயக் குதிரை

ஃபிரெட், ஆகஸ்ட் என்ற டூசன்பெர்க் சகோதரர்கள் செர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர்கள். பந்தயக் கார் செய்வதில் பேரெடுத்தவர்கள். 1921இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ போட்டியை வென்றது அவர்களுடைய கார். 1924, 1925, 1927 ஆகிய ஆண்டுகளில் இண்டியானாபொலிஸ் 500 பந்தயமும் அவர்களுக்கே. ஆனால் வணிகம் கைகூடவில்லை. 1926இல் எரெட் லாப்பன் கார்ட் என்ற தொழிலதிபர் நிறுவனத்தை வாங்கி, உலகிலேயே உயர்ந்த காரைச் செய் என்று ஃபிரெட்டிடம் ஒப்படைத்தார். அதன் விளைவே ஜே.

ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர், கொள்ளளவு 6.9 லிட்டர், மேலே இரண்டு கேம்ஷாஃப்டுகள், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். இரட்டை கேம்ஷாஃப்டும் நான்கு வால்வும் 1980களுக்குப் பிறகே சாதாரணக் கார்களில் பரவின. நிறுவனம் சொன்ன திறன் 265 குதிரைத்திறன். ஃபோர்டு மாடல் ஏ தந்தது 40 என்பதை நினைவில் கொண்டால் இதன் அளவு விளங்கும். 1932இல் வந்த எஸ்.ஜே வகையில் சூப்பர்சார்ஜர் என்ற காற்றழுத்தியைச் சேர்த்து 320 என்றார்கள். என்ஜினைச் செய்து கொடுத்தது, கார்டுக்கே உரிய லைகோமிங் நிறுவனம்.

ஓட்டுநர் முன்னால் உள்ள பலகையில் உயரமானி, நிறுத்தற்கடிகாரம், பிரேக் அழுத்தமானி எல்லாம் இருந்தன. கொல்லிமலைக்கு ஏறும் ஒருவர், அடிவாரத்திலிருந்து செம்மேடு வரை உயரம் கூடுவதை அந்த முள்ளிலேயே பார்த்துக்கொண்டு வரலாம். குறிப்பிட்ட தொலைவு ஓடியதும் சேசிஸின் மூட்டுகளுக்குத் தானாகவே எண்ணெய் போகும். என்ஜின் எண்ணெயை மாற்றவும் பேட்டரியைப் பார்க்கவும் வேண்டிய நேரத்தில் விளக்கு எரிந்து நினைவூட்டும். இவை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. பந்தயக்காரர் ஒருவர் பணக்காரருக்குக் கார் செய்தால் எதைப் பற்றிக் கவலைப்படுவார் என்பதை இவை காட்டுகின்றன.

குறை எங்கே என்றால், இந்த என்ஜினை இட்டுச்செல்ல அன்று சாலை இல்லை. மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போகும் காரை வாங்கி, அதன்மேல் கனமான லிமோசின் உடலை ஏற்றி, சீருடை அணிந்த ஓட்டுநரை அமர்த்தி, நாடக அரங்குக்குப் போய்வந்தவர்கள் பலர். நிறுவனத்தின் விளம்பரங்களும் இதைத்தான் சொல்லின. ஒரு செல்வந்தர் தம் மாளிகையிலோ படகிலோ இருப்பதாகப் படம் வரும். காரின் படமே இராது! பொறியியல் பெருமை இவ்வளவு உள்ள ஒரு காரை, அதன் படத்தைக்கூடப் போடாமல் விற்க முனைந்தார்கள். தம் வாடிக்கையாளர் எதற்காக வாங்குகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

காடிலாக்: ஓசையில்லாத வண்டி

காடிலாக் வி-16இன் என்ஜினை வடிவமைத்தவர் ஓவன் நாக்கர். எட்டு சிலிண்டர் கொண்ட இரண்டு வரிசைகளை 45 பாகைக் கோணத்தில் ‘வி’ எழுத்துப் போல் சாய்த்து, ஒரே கிராங்க்ஷாஃப்டில் இணைத்தார். கொள்ளளவு 7.4 லிட்டர். திறன் 165 குதிரைத்திறன் அளவு.

கணக்குப் போட்டால், டூசன்பெர்க் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 38 குதிரைத்திறன் தருகிறது. காடிலாக் 22 மட்டுமே. இதை வைத்துக் காடிலாக்கைத் தாழ்த்துவது, சித்தார் வித்துவானைத் தவில் வித்துவானோடு ஒலியளவில் ஒப்பிடுவது போலாகும். பதினாறு சிலிண்டர் வைத்தது வேகத்துக்காக அன்று. நான்கு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறைதான் வெடிக்கும். இரண்டு சுற்று என்பது 720 பாகை. எட்டு சிலிண்டர் என்றால் 90 பாகைக்கு ஒரு வெடிப்பு. பதினாறு என்றால் 45 பாகைக்கு ஒன்று. ஒவ்வொரு சிலிண்டரும் சிறியதாக இருப்பதால் ஒவ்வொரு வெடிப்பும் மெல்லியது. உந்தல் அறுபடாமல், நீரோட்டம்போல் வரும். மேலும், வால்வுகளுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளியால் எழும் ‘டிக் டிக்’ ஓசையை ஒழிக்க, எண்ணெய் அழுத்தத்தால் அந்த இடைவெளியை நிரப்பும் அமைப்பையும் சேர்த்தார்கள். பேச்சுக்குரல் எழுப்பாமல் ஓர் என்ஜின் ஓட வேண்டும் என்பதற்காகவே இத்தனை ஏற்பாடு.

பானெட்டைத் திறந்தால் இன்னொரு வியப்பு. வயர்களும் குழாய்களும் மறைக்கப்பட்டு, எனாமல் பூச்சும் மெருகேற்றிய உலோகமுமாக, என்ஜினையே அழகுப் பொருளாக அமைத்திருந்தார்கள். என்ஜின் அறையைக் கண்ணுக்கு விருந்தாக வடிவமைத்ததில் இதுவே முன்னோடி. அதைத் திறந்து பார்க்கப் போகிறவர் முதலாளி அல்லர், ஓட்டுநர்தான். இந்தச் செய்தி எனக்குப் பிடித்திருக்கிறது.

கியர் மாற்றுவதிலும் காடிலாக் முந்திக்கொண்டது. கியர்ச் சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தி, கரகரப்பின்றி மாற்ற உதவும் ‘சிங்க்ரோமெஷ்’ முறையை 1928இலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது காடிலாக் நிறுவனம். வி-16இலும் அது இருந்தது. டூசன்பெர்க்கில் அந்த வசதி இல்லை. நம்மூர்ப் பழைய லாரி ஓட்டுநர்கள் ‘டபுள் கிளட்ச்’ போட்டு மாற்றுவார்களே, அந்தப் பழக்கம் வேண்டும். காரை வாங்கியவருக்கு அது இல்லாவிட்டால் காது பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கொல்லிமலைச் சாலையை அளவுகோலாக வைத்தால்

எந்தக் கார் உயர்ந்தது என்ற கேள்விக்குப் பந்தயச் சாலை ஒரு விடை தரும்; நகரத் தெரு வேறு விடை தரும். கொல்லிமலையில் வாழ்பவர்களுக்கு வேறோர் அளவுகோல் கைவசம் உண்டு. காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள்.

முதலில் நீளம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு, அம்பாசிடர் காரில் 246 சென்டிமீட்டர். காடிலாக் வி-16இல் 376. டூசன்பெர்க்கில் இரண்டு அளவுகள்: 362, 390. இந்த நீளத்தைப் பார்த்து மலைப்பவர் உண்டு. ஆனால் அரசுப் பேருந்தே திரும்பும் வளைவில் இவை திரும்பாமல் போகா. உண்மையான சோதனை இறக்கத்தில்தான். உடலைப் பொறுத்து இரண்டரை டன் அளவு எடையுள்ள வண்டி, எழுபது முறை நின்று திரும்பி இறங்க வேண்டும்.

இங்கே டூசன்பெர்க் வெகுதூரம் முன்னே நிற்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கை, விற்பனைக் காரில் 1921இலேயே பொருத்தியவர்கள் டூசன்பெர்க் சகோதரர்கள். ஜே வகையில் அதற்கு வெற்றிட உதவியும் சேர்த்து, உலர்ந்த சாலை, மழை, பனி என்று நிலைமைக்கேற்ப அழுத்தத்தை மாற்றிக்கொள்ள ஒரு கைப்பிடியும் வைத்தார்கள். காடிலாக்கோ கம்பியும் தண்டும் இழுக்கும் பிரேக்கையே வெற்றிட உதவியோடு வைத்திருந்தது. 1936 வரை அந்நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறவில்லை. உலகத்திலேயே ஓசை குறைந்த என்ஜினைச் செய்தவர்கள், நிறுத்துவதில் பதினைந்து ஆண்டு பின்தங்கியிருந்தார்கள்.

ஆக, மலை ஏறுவதற்கு நான் காடிலாக்கைத் தேர்வேன். அடிவேகத்தில் திணறாமல் இழுக்கும். கியரை அடிக்கடி தொட வேண்டாம். இறங்கும்போது டூசன்பெர்க்கில் இறங்கவே மனம் துணியும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் ‘போருக்கு முந்தைய சொகுசுக் கார்கள்’ என்று பெயரெழுதி விற்கும் ஏலப் பட்டியல்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

‘அரிது’ என்பதன் பொருள்

எண்ணிக்கையில் டூசன்பெர்க் அரியது; காடிலாக் அதைப்போல எட்டு மடங்குக்கும் மேல் செய்யப்பட்டது. சந்தை இதை அப்படியே பிரதிபலிக்கிறது. நடிகர் கேரி கூப்பர் வைத்திருந்த டூசன்பெர்க் எஸ்.எஸ்.ஜே, 2018 ஆகஸ்டில் பெப்பிள் பீச்சில் நடந்த ஏலத்தில் 2 கோடியே 20 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 150 கோடி ரூபாய். அந்த வகையில் செய்தவை மொத்தம் இரண்டு. மற்றொன்று கிளார்க் கேபிளிடம் இருந்தது. காடிலாக் வி-16 வண்டிகளில் 10 லட்சம் டாலரைத் தாண்டியவை உண்டு. ஆனால் கூப்பர் காரின் விலையை அவை நெருங்குவதில்லை.

ஆனால் இந்த எண்கள் எப்படி வந்தன? டூசன்பெர்க் நிறுவனம் 500 வண்டிகள் என்று திட்டமிட்டுத் தொடங்கியது. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. விரைவில் விற்றுவிடலாம் என்று நினைத்த 500ஐ ஒன்பது ஆண்டுகளாகியும் விற்று முடிக்க இயலவில்லை. 1932 சூலையில், தாம் செய்த காரிலேயே விபத்துக்குள்ளாகி ஃபிரெட் இறந்தார். 1937இல் கார்டின் தொழில் சாம்ராச்சியம் சரிந்தபோது டூசன்பெர்க்கும் மூடப்பட்டது.

காடிலாக் வி-16 சந்தைக்கு வந்ததே சரிவுக்கு மூன்று மாதம் கழித்து. விந்தை என்னவென்றால் அது முதலில் நன்றாகவே விற்றது. 4,076இல் 3,200க்கு மேற்பட்டவை முதல் இரண்டு ஆண்டுகளில் செய்யப்பட்டவை. பிறகு கிணறு வற்றியதுபோல் வற்றிவிட்டது. 1933இல் நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது: இந்த ஆண்டு 400 கார்களுக்கு மேல் செய்ய மாட்டோம். கேட்பவருக்கு அது பெருமிதமாக ஒலித்தது. விற்றது 126. தேவை இல்லாததைத் திட்டமிட்ட அருமையாகக் காட்டும் இந்த உத்தி இன்றுவரை விளம்பர உலகில் நடக்கிறது. ‘குறைந்த எண்ணிக்கையில் மட்டுமே’ என்று எழுதியிருக்கும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் மாணவர்கள் இந்த 400ஐயும் 126ஐயும் நினைத்துக்கொள்வது நல்லது.

அரிய தன்மை இன்னொரு தீங்கும் செய்தது. போருக்குப் பின், 1940களிலும் 50களிலும் இந்தக் கார்களுக்கு மதிப்பில்லாமல் போன காலம் ஒன்று இருந்தது. அப்போது பழைய கார் வணிகர்களும் ஆர்வலர்களும் டூசன்பெர்க் உடல்களைத் தாராளமாகக் கழற்றி மாற்றினார்கள். திறந்த கூரை வண்டிக்கு விலை அதிகம். மூடிய லிமோசினை யாரும் விரும்புவதில்லை. எனவே ஒரு சேசிஸின் மூடிய உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறொரு சேசிஸின் திறந்த உடலைப் பொருத்துவார்கள். காடிலாக்குகளிலும் இது நடந்தது. பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகவே திறந்த உடல் செய்து மாட்டியதும் உண்டு. இப்படி அழிந்துபோன லிமோசின் உடல்கள் பல. காரை நேசிப்பதாகச் சொன்னவர்கள்தாம் அவற்றை அழித்தவர்கள்.

ஆகவே தேர்ந்த சேகரிப்பாளர் இன்று பார்ப்பது மூன்று பொருத்தங்களை: சேசிஸ் எண், என்ஜின் எண், உடல். இம்மூன்றும் தொழிற்சாலையிலும் பட்டறையிலும் முதன்முதலாகச் சேர்ந்தபடியே இன்றும் சேர்ந்திருந்தால் அதற்கு மதிப்பு. ‘480இல் ஒன்று’ என்பதைவிட ‘பிரியாமல் இருப்பது’ என்பது பெரிய தகுதி. இந்த ஒரு செய்தியில் சந்தையின் தீர்ப்பு சரியான பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லலாம்.

இந்தூர் வண்டியும் ஓர்ச்சா வண்டியும்

இந்தூர் மன்னர் இரண்டாம் யசுவந்த் ராவ் ஹோல்கர் (1908–1961) கார்களில் மட்டும் மோகம் கொண்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய மாணிக் பாக் அரண்மனையைச் செர்மானியக் கட்டடக் கலைஞர் எக்கார்ட் முத்தேசியசு 1930களின் தொடக்கத்தில் நவீன பாணியில் அமைத்தார். தூணும் தோரணமும் குவிந்த அரண்மனைகளுக்கு நடுவே, நேர்கோடுகளும் உலோகமும் கண்ணாடியுமாக நின்ற வீடு அது. அத்தகைய கண் உடையவர், டூசன்பெர்க் எஸ்.ஜே சேசிஸை வாங்கியபோது அதில் சிம்மாசனம் போட்ட ஊர்வல வண்டியைக் கட்டச் சொல்லவில்லை. நீளமான 390 சென்டிமீட்டர் சேசிஸைத் தேர்ந்து, லண்டனில் உள்ள ஜே. கர்னி நட்டிங் நிறுவனத்துக்கு அனுப்பினார். அங்கே ஏ. எஃப். மெக்னீல் என்ற வடிவமைப்பாளர், தாழ்ந்த திறந்த ஸ்பீட்ஸ்டர் ஒன்றை வரைந்தார். வண்ணம் ஆரஞ்சும் கறுப்பும். ஏழு பேர் உட்காரும் லிமோசினுக்கென்று வைத்திருந்த நீளத்தில் பெரும்பகுதியைப் பானெட்டும் மட்கார்டுகளும் எடுத்துக்கொண்டன. பயணிகளுக்கு மிஞ்சியது சிறு இடம்.

இதை வீண் என்பவர்கள் இருக்கலாம். ஆனால் 320 குதிரைத்திறன் கொண்ட என்ஜினுக்கு நேர்மையாக நடந்துகொண்ட உடல் என்று பார்த்தால், அமெரிக்காவில் கட்டிய பல டூசன்பெர்க் உடல்களைவிட இது மேல். சேசிஸ் என்ன பேசுகிறதோ அதையே உடலும் பேசுகிறது.

ஓர்ச்சா மன்னருக்காகச் செய்த 1931 காடிலாக் வி-16 வேறு வகை. அதற்கு உடல் கட்டியது இத்தாலியின் தூரின் நகரத்துப் பினின் ஃபாரினா நிறுவனம். 1930இல்தான் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், பிற்காலத்தில் ஃபெராரி கார்களால் உலகப் புகழ் பெற்றது. அன்றைக்கு அது இளம் பட்டறை. அவர்கள் கட்டியதும் படகின் பின்புறம்போல் கூம்பிய வால் கொண்ட திறந்த கார். அமெரிக்கத் தொழிற்சாலையின் சேசிஸ், இத்தாலியப் பட்டறையின் உடல், புந்தேல்கண்டின் திகம்கட் நகரத்தில் உடையவர். அன்றைய உலக வணிகத்தின் விரிவை இந்த ஒரு வண்டியைக் கொண்டே பாடம் நடத்திவிடலாம்.

உடலழகில் ஓர்ச்சா வண்டி இந்தூர் வண்டிக்குக் குறைந்ததில்லை. ஆனால் அது காடிலாக்கின் இயல்போடு ஒட்டவில்லை என்பது என் கருத்து. மெத்தென்ற மௌனத்தில், மூடிய உடலுக்குள் உட்கார்ந்து போவதற்காகப் பிறந்த என்ஜின் அது. திறந்த காரில் காற்றின் இரைச்சலே என்ஜின் ஓசையை விழுங்கிவிடும். பதினாறு சிலிண்டரின் அருமை யாருக்குத் தெரியும்? காடிலாக் வி-16இன் உண்மையான முகத்தைப் பார்க்க விரும்புபவர், ஃபிளீட்வுட் கட்டிய மூடிய செடான்களைத்தான் பார்க்க வேண்டும். சந்தையில் அவற்றுக்குத்தான் விலை குறைவு என்பது வாங்குபவருக்கு வசதி. பழைய நாளில் அவற்றின் உடலைக் கழற்றி எறிந்ததற்கும் அதுவே காரணம்.

அவ்விரு வண்டிகளும் இன்று இந்தியாவில் இல்லை. சமத்தானங்கள் இணைந்து, 1971இல் மன்னர் மானியமும் ஒழிக்கப்பட்ட காலத்தில், அரண்மனைக் கொட்டகைகளிலிருந்த கார்கள் பல அடிமாட்டு விலைக்குக் கைமாறின. அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் தேடி வந்து வாங்கிச் சென்றார்கள். பின்னர் பெப்பிள் பீச் காட்சியில் 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் இந்திய அரசர்களின் கார்களுக்கென்று தனிப் பிரிவே வைத்தார்கள். விற்றவர்கள்மேல் மட்டும் பழிபோட முடியாது. உதிரி பாகம் கிடைக்காத, லிட்டருக்கு மிகக் குறைந்த தொலைவே ஓடக்கூடிய வண்டியை, வருமானம் நின்ற குடும்பம் என்ன செய்யும்? ஆனால் அன்று அவற்றைக் காத்துவந்த மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும் கற்றிருந்த வேலையை எவரும் எழுதி வைக்கவில்லை. வண்டியை வெளிநாட்டிலாவது பார்க்கலாம். அந்தக் கைவேலையை எங்கே போய்ப் பார்ப்பது?

நாமக்கல், கரூர் பட்டறைகளைப் பற்றியும் இதே கவலை எனக்கு உண்டு. எந்தப் பட்டறை, எந்த ஆண்டு, எந்த வளைவை எப்படித் தட்டியது என்று அமெரிக்கர்கள் மர்ஃபி நிறுவனத்தைப் பற்றி நூல் நூலாக எழுதுகிறார்கள். நம் லாரி முகப்பின் மரவேலையையும் வண்ணவேலையையும் பற்றி அப்படி ஒரு நூலை இங்கே பிள்ளைகள் கையில் கொடுக்க முடிகிறதா? அந்தப் பட்டறைகளில் வளர்ந்த மாணவர் எவரேனும் இதைப் படித்தால், தாத்தாவிடம் கேட்டு எழுதத் தொடங்கலாம். இந்தத் தளத்திலேயே இடம் இருக்கிறது.

வாங்க நினைப்பவருக்கும் பார்க்க நினைப்பவருக்கும்

பணம் ஒரு பொருட்டில்லை என்றால் டூசன்பெர்க். ஓட்டி மகிழ வேண்டுமென்றால் காடிலாக். அதிலும் 1930, 31 ஆண்டுகளின் மூடிய செடான். 1938இல் காடிலாக் புதிய வி-16 என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தது. இரு வரிசைகளையும் 135 பாகைக்கு விரித்து, 7.1 லிட்டராகச் சுருக்கிய எளிய அமைப்பு. பராமரிக்க எளிது, பிரேக்கும் ஹைட்ராலிக். சேகரிப்போர் அதை இரண்டாம் பட்சமாக வைக்கிறார்கள்; பானெட்டைத் திறந்தால் பழைய அழகு இல்லை என்பது உண்மைதான். ஆனால் எழுபது வளைவு இறங்குபவருக்கு அதுவே பொருத்தம்.

தமிழ்நாட்டு மாணவர்கள் பழங்காலக் கார்களின் அமைப்பை நேரில் பார்க்க, கோயம்புத்தூர் அவினாசி சாலையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். விஞ்ஞானி ஜி. டி. நாயுடு பெயரோடு தொடர்புடைய வளாகம் அது, 2015இல் திறக்கப்பட்டது. அங்கே போனால் வண்ணத்தை மட்டும் பார்த்துவிட்டு வராமல், பிரேக் எதனால் இயங்குகிறது, உடல் சேசிஸ்மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் பழங்கார்களுக்கென்று 2021 சூலையில் தனிப் பதிவு விதிகள் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிக்கு, மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ’ என்ற எழுத்துகள் வரும் எண் தருகிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கு அதை ஓட்டக் கூடாது. காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் விதி. இந்த அளவில் பார்த்தால், அமெரிக்காவில் கோடிகளுக்கு விலைபோகும் உடல் மாறிய டூசன்பெர்க்குகள் சில நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தேறுவது கடினம். இந்தூர் மன்னரின் வண்டி தன் முதல் உடலோடு இருப்பதால் தேறிவிடும். பதிவுக்குக் கொண்டுவர, அது முதலில் கடல் கடந்து இங்கே வர வேண்டும்.